ஜிசி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி குலசேகரத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறிய கதை

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கொள்முதல் கடைக்கு ஜேவாவில் பில்லிங் எழுதிக் கொடுத்தோம். எழுதியது, இன்ஸ்டால் செய்தது எல்லாம் சுமுகம். மூன்றாம் நாள் கடை முதலாளியிடமிருந்து போன். "ஒரு பில்லு போட நாலு நிமிசம் ஆவுது மக்ளே. வெளிய லோடு நிக்குது." லாகைப் பார்த்தால் அவுட் ஆஃப் மெமரி.

ஆபீஸ் சீனியரிடம் கேட்டேன். மானிட்டரை விட்டுத் தலையைத் திருப்பாமலே, "ஜேவால மெமரி லீக்கே வராது, ஜிசி பாத்துக்கும். ஹீப்ப கூட்டிப் போடு" என்றார். ஜிசி என்றால் கார்பேஜ் கலெக்‌ஷன்: புரோகிராம் கைவிட்ட பொருட்களை ஜேவாவே அள்ளி மெமரியைக் காலி செய்வது. அந்தப் பொருட்கள் கிடக்கும் மெமரிதான் ஹீப். வேண்டாததும் அள்ளப்படாமல் தங்கிக்கொண்டே போனால் அது லீக். 2 ஜிபியை 6 ஆக்கினேன். மூன்று நாளில் விழுந்தது ஒன்பது நாளில் விழுந்தது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு என் மூளையும் வேலை செய்து, பில் போட்டதும் ஜிசியை ஓடச் சொல்லும் சிஸ்டம் டாட் ஜிசி என்று ஒரு வரி சேர்த்தேன். அது உத்தரவு இல்லை, வேண்டுகோள்தான். அதற்கு ஜேவா செவி சாய்த்தபோதெல்லாம் திரை உறைந்து நின்றதுதான் மிச்சம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, ஹீப் டம்ப் (ஹீப்பில் கிடப்பதை அப்படியே ஒரு ஃபைலாக்கியது) எடுத்துப் பார்ப்போம் என்று வடசேரியில் பஸ் ஏறினேன். டம்ப் எடுக்கும் ஜேமேப் கருவியை ஓட்டினால் அனுமதி இல்லை என்றது. நம் புரோகிராம் விண்டோஸ் சர்வீஸாக வேறு யூசரில் ஓடுகிறது, நான் வேறு யூசரில் இருக்கிறேன். இது புரியவே மதியமாகிவிட்டது. ஒருவழியாக 5 ஜிபிக்கு டம்ப் வந்தது. 16 ஜிபி பென் டிரைவில் காப்பி போட்டால் ஃபைல் பெரிது என்கிறது. டிரைவ் பழுது என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். தக்கலை தாண்டும்போதுதான் உறைத்தது: பென் டிரைவின் ஃபார்மேட் ஃபேட்32. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. மறுநாள் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் செய்துகொண்டு மறுபடியும் அதே பஸ்.

அன்று காப்பி ஆகும்வரை கடையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் பெயர்த் துண்டு செருகிய ஷீட் கட்டுகள், மேலே ஒரு விரல்கடைக்குத் தூசி. "இத விக்கலாமே?" என்றேன். "துண்டு இருக்குல்லா மக்ளே, ஆளு வரும்."

ராத்திரி எம்ஏடி என்ற டம்ப் அலசும் கருவியில் டம்பைத் திறந்தபோது அந்தத் துண்டுதான் கண்ணில் நின்றது. துண்டு இருக்கும்வரை கட்டை யாரும் தொடுவதில்லை; ஒரு பொருளை யாராவது பிடித்திருக்கும்வரை ஜிசியும் அதைத் தொடாது. 1959 வாக்கில் லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி யோசித்ததும் இதுதான்: ரூட்டிலிருந்து (புரோகிராம் நேரடியாகப் பிடித்திருக்கும் இடங்கள்) கிளம்பு, எட்டுகிற பொருளையெல்லாம் குறி, எட்டாததை அள்ளு. நமக்கு அது இனித் தேவையா என்று ஜிசி கேட்பதே இல்லை. இரண்டு ஆப்ஜெக்ட் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் லீக் என்று நான் இன்டர்வியூவில் அடித்துவிட்டிருக்கிறேன். ஜேவாவில் வெளியிலிருந்து பிடி இல்லையென்றால் அந்த ஜோடியும் சேர்ந்தே போய்விடும்.

என் கோடில் பிடி எங்கே? வாடிக்கையாளர் விவரத்துக்கு ஒரு ஸ்டாட்டிக் ஹேஷ்மேப்: கீயைக் கொடுத்தால் பதிவைத் தரும் அட்டவணை, ஸ்டாட்டிக் என்பதால் புரோகிராம் ஓடும்வரை இருக்கும். கீக்கு நானே ஒரு கிளாஸ் எழுதி, இரண்டு கீ ஒன்றுதானா என்று சொல்லும் ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் எழுத மறந்திருந்தேன். தராசில் எடை மாறும்போதெல்லாம் புதுக் கீ, அதனால் பழையது கிடைக்காது. உடனே பழைய பில்களோடு இன்னொரு பதிவு. 340 வாடிக்கையாளர்களுக்கு மேப்பில் லட்சத்துக்கு மேல் பதிவுகள்! ஸ்டாட்டிக் என்பதால் ஒன்றுமே கழலாது.

திருத்தம் பதினொரு வரி. டம்ப் எடுக்க இப்படி அலையாமல், அவுட் ஆஃப் மெமரி வந்ததும் தானாக டம்ப் எழுதும் ஆப்ஷனை முதல் நாளே போட்டுவிடுங்கள். டிஸ்கில் ஹீப் அளவுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹீப்பைத் திரும்ப 2 ஜிபிக்கே இறக்கிவிட்டேன், மூன்று வாரமாக ரீஸ்டார்ட் இல்லை. முதல் நாள் பஸ் காசு மட்டும் ஆபீஸில் இன்னும் பாஸ் ஆகவில்லை. டிக்கெட்டைக் கொண்டு வா என்கிறார்கள்.