களுதாவளை மணலில் ஒரு கோழிக்கூடு: கச்சானும் மாரியும் கண்ட பிறகு

எங்கள் வளவில் இப்போது ஏழு பேடும் ஒரு சேவலும் நிற்கின்றன. எல்லாம் ஊர்க்கோழி. கூடு ஒரு கச்சானையும் (தென்மேற்குக் காற்று வீசும் வெக்கைக் காலம்) ஒரு மாரியையும் (மழைக்காலம்) தாண்டிவிட்டது. அதனால் எது சரிவந்தது என்று இனித் துணிந்து எழுதலாம்.

கோழிக்கூடு பற்றி வெளிநாட்டுக்காரர் போடுகிற வீடியோக்களில் பாதி, கூட்டுக்குள் சூட்டை எப்படித் தக்கவைப்பது என்றுதான் போகும். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற எழுவான்கரையில் அதைப் பார்த்துக் கட்டினால் கோழி மிஞ்சாது. இங்கே கோழியைத் தின்பது வெக்கையும் ஈரமும். காற்று ஓட வேண்டும், மழைச்சாரல் உள்ளே வரக்கூடாது. கூட்டைப் பற்றி நான் எடுத்த எல்லா முடிவும் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

கூடு ஆறடி நீளம், நாலடி அகலம். நீளப்பாடு கிழக்கு மேற்காக இருக்கிறது. அப்படி வைத்தால் காலை வெயிலும் பின்னேர வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும்தான் விழும். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்றுக்குத் தெற்குப் பக்கம் முழுவதும் கம்பி வலை. மாரி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து அடிப்பதால், கிழக்குப் பக்கம் முழுப் பலகை. வடக்கில் பாதி உயரம்வரை பலகை, அதற்கு மேலே சுருட்டி ஏற்றி இறக்கும் கிடுகுத் (பின்னிய தென்னோலை) தட்டி. மாரியிலும் தெற்குப் பக்கத்தை நான் மூடவில்லை. எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியே போக வழியில்லாவிட்டால் கோழிக்குக் கண்ணும் மூச்சும் கெட்டுவிடும். காலையில் கூட்டைத் திறக்கும்போது நம் மூக்கில் காரம் ஏறினால், கோழி இரவு முழுக்க அதைத்தான் சுவாசித்திருக்கிறது.

கூரைக்குத் தகரம் போட்டேன். மாமி வந்து பார்த்துவிட்டு, "வெறுந் தகரத்துக்குக் கீழ கோழி வெந்திரும் மனே, மேல கிடுகு போடு" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. கிடுகு போட்ட பிறகு மத்தியானத்தில் உள்ளே கையை நீட்டினாலே வித்தியாசம் தெரிகிறது. நாலு மூலையையும் கயிறு போட்டுக் குற்றியோடு இறுக்கியதும் அவர் சொல்லித்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இந்தக் கரையில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் முதலில் கட்டைத்தான் பார்ப்பார்கள்.

தரை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில், பனஞ்சிலாகையால் ஆனது. சிலாகைகளுக்கிடையில் ஒரு அங்குலம் விட்டிருப்பதால் எச்சம் கீழே விழுந்துவிடும். விழுகிற இடத்தில் நெல் உமி பரப்பியிருக்கிறேன். வெட்டுக் காலத்தில் மில்லுக்குப் போனால் உமிக்குப் பஞ்சமில்லை. நனைந்த உமியை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும். அள்ளியதை மக்கவிட்ட பிறகுதான் மிளகாய்க்கும் வெற்றிலைக்கும் போடலாம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

இட அளவைப் பலரும் கேட்கிறார்கள். பகலில் வளவில் மேய்ந்துவிட்டு இரவுக்கு மட்டும் அடைகிற கோழிக்கு, கூட்டுக்குள் ஆளுக்கு மூன்று சதுர அடி போதும். நாள் முழுக்க அடைத்து வளர்ப்பதென்றால், வெளியே வலையடைத்த இடம் ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்துச் சதுர அடியாவது வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். உறங்கும் தடியை முட்டையிடும் பெட்டியைவிட உயரத்தில் வையுங்கள். கோழி உயரமான இடத்தைத்தான் தேடும். பெட்டி உயரத்தில் இருந்தால் அதற்குள் படுத்து, முட்டையெல்லாம் எச்சமாகிவிடும்.

அடுத்தது கள்ளர். எங்கள் பக்கம் மரநாய், கீரி, உடும்பு, சாரைப்பாம்பு, வாவியோரத்தில் கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு), குஞ்சுக்குக் காகமும் பருந்தும். கடைகளில் கிடைக்கும் அறுகோண ஓட்டைக் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், மரநாயை வெளியே வைத்திருக்காது. நாய் கடித்து இழுத்தாலே அது பிரிந்துவிடும். அரை அங்குலச் சதுர ஓட்டையுள்ள, ஒட்டவைத்த கம்பி வலைதான் சரி. விலை கூட என்றாலும் கூட்டுக்கு அதையே போடுங்கள். வெட்டிய முனைகளில்தான் உப்புக்காற்று முதலில் துருவை ஏற்றும் என்பதால், முனைகளுக்கெல்லாம் பெயின்ற் அடித்தேன்.

மணல் தரையில் இன்னொரு தொல்லை: தோண்டுவது சுலபம். கீரியும் நாயும் வேலிக்கு அடியால் வந்துவிடும். அதற்கு ஆழமாகக் கிடங்கு வெட்டத் தேவையில்லை. வலையை வேலியடியில் கட்டி, ஒன்றரை அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக நிலத்தில் விரித்து, மேலே மணலை மூடிவிட்டால் போதும். தோண்ட வருகிற மிருகம் வேலியை ஒட்டித்தான் பிறாண்டும். நகம் வலையில் பட்டதும் விட்டுவிடும், பின்னுக்குப் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. எங்கள் வேலியோரத்தில் காலையில் பிறாண்டிய தடம் பலமுறை கிடந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் வந்ததில்லை. கதவுக்குச் சும்மா கொளுக்கி போடாமல், சுற்றித் திறக்கும் பூட்டுப் போடுங்கள். மரநாய்க்குக் கைவேலை தெரியும்.

நோயில் நான் மிகவும் பயப்படுவது ராணிக்கெட். பச்சையாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு, கழுத்து முறுக்கு, அப்புறம் ஒரு வளவு முழுக்கச் சாவு. இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். ஊர்க்கோழிக்கு எதுவும் வராது என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர்களின் வளவுதான் முதலில் காலியாகும். குஞ்சு பொரித்த முதல் கிழமையில் கண்ணில் ஒரு சொட்டு, பிறகு கால்நடை வைத்தியர் சொல்லுகிற இடைவெளியில் மீண்டும். அது உயிர்க்கிருமி மருந்து என்பதால் வெயிலில் செத்துவிடும். பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்து வாருங்கள், கரைத்தபின் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். ஒரு குப்பிக்குள் நூறு கோழிக்கு மேல் போடுகிற அளவு இருக்கும், ஏழு கோழிக்காரருக்கு அது வீண். நாங்கள் அயலில் உள்ள நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். காசு பிரிவதோடு, பக்கத்து வளவிலிருந்து நோய் வருகிற வழியும் அடைபடுகிறது. தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தென்றால் குளோரீன் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரை எடுங்கள்.

மாரியில் நுளம்பு பெருகும்போது அம்மை வரும், கொண்டையில் கறுத்த பொருக்குத் தெரியும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது புண்ணைக் காயவைக்கும், கிருமியைக் கொல்லாது. இதற்கும் தடுப்பூசி இருக்கிறது. கோழிச்செள்ளு பகலில் தடியின் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில் ஏறும். தடியின் இரண்டு நுனியிலும் வேப்பெண்ணெய் பூசுகிறேன். முருங்கை மரத்தடியில் மணலோடு அடுப்புச் சாம்பல் கலந்து வைத்தால், மிச்சத்தை அவையே புரண்டு பார்த்துக்கொள்ளும்.

கச்சானில் முட்டை ஓடு மெல்லியதாக வந்தது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை இறக்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமிலவாயு கூடுதலாகப் போய்விடுவதால், ஓடு கட்டத் தேவையான கார்பனேற்று குறைகிறது. தீனியைக் காலை வெயிலுக்கு முன்னும் பொழுதுபடவும் மாற்றினேன். தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து மத்தியானம் மாற்றுகிறேன். வாவி மட்டிச் சிப்பியைக் கழுவிக் காயவைத்து, உரலில் பச்சைப்பயறு அளவுக்கு இடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தேன். தீனியில் கலக்கவில்லை. முட்டையிடுகிற பேடு தனக்கு வேண்டியதைப் பின்னேரத்தில் தானே வந்து பொறுக்கும், சேவல் அந்தச் சிரட்டைப் பக்கமே போவதில்லை. இப்போது ஓடு கைக்கு உறுதியாகப் படுகிறது.

அடை வைப்பதற்கு மழை விடும்வரை பொறுத்திருந்தேன். ஈரத்தில் பொரிக்கிற குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் நிச்சயம். தை முடிவில் ஒரு பேடு கொக்கரித்துப் படுத்ததும் பத்து முட்டை வைத்தேன். ஏழாம் நாள் இருட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால், கருக்கட்டிய முட்டைக்குள் சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்பு பரவியிருக்கும். வெறுமையாகத் தெரிந்த இரண்டை எடுத்துவிட்டேன். 21ஆம் நாள் மிச்சம் எட்டும் பொரித்தன. தாயோடு தனிக்கூட்டில் நிற்கின்றன. குறுணலும் குஞ்சுத் தீனும்தான் சாப்பாடு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருக்கிறேன், விழுந்து மூழ்காமல் இருக்க.

இவற்றில் பேடாக வருபவை ஆவணி, புரட்டாசி அளவில் முட்டைக்கு வரும். அதற்குள் இடம் வேண்டும். கூட்டை மேற்குப் பக்கமாக நாலடி நீட்டுவதற்குச் சிலாகைக்கு ஆள் சொல்லியாயிற்று. வலைதான் இன்னும் வாங்கவில்லை.