செப்புத் தகட்டில் ஜார்ஜிய அரசர்கள்: நான்காவது நாணயம் வரை

இடைக்கால ஜார்ஜியாவை ஆண்ட பக்ராத்திய அரசர்களின் வரிசை மனத்தில் நிற்கவே மறுத்ததால், அவர்களுடைய நாணயங்களின் படங்களைப் பெரிதாக அச்செடுத்து, மெல்லிய செப்புத் தகட்டில் புடைப்பாகச் செய்து பார்க்கத் தொடங்கினேன். அடியில் வைக்க ஒரு பழைய மவுஸ் பேட், கையில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா; கருவிகள் இவ்வளவுதான்.

முதல் தகடு நான்காம் தாவீதினுடையது (1089–1125). அவருடைய தந்தையும் பாட்டனும் பைசாந்தியப் பேரரசர் அளித்த பட்டங்களைத் தம் வெள்ளிக் காசுகளில் பொறித்துக்கொண்டவர்கள்; தாவீதும் அப்படித்தான் தொடங்கினார். செல்ஜுக் துருக்கியருக்குத் திறை கட்டுவதை நிறுத்தி, புல்வெளி நாடோடிகளான கிப்சாக்கியரைக் குடும்பம் குடும்பமாகக் குடியேற்றிப் படை திரட்டி, 1121 ஆகஸ்டில் டித்கோரிப் போரில் வென்று, மறு ஆண்டே இன்றைய தலைநகரான திபிலீசியையும் பிடித்த அவருடைய செப்புக் காசில் ‘அரசர்க்கரசர், மெசியாவின் வாள்’ என்று அரபியில் இருக்கிறது. பின்புறத்திலிருந்து அழுத்தும்போது எழுத்துகளை இடவலம் மாற்றி வரைய வேண்டும் என்பது, அந்த வரி முழுவதையும் முடித்துத் தகட்டைத் திருப்பியபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தகடு வீண்.

இரண்டாவது, அவர் மகன் தெமெத்ரேயின் காசு. அதில் கலீபாவின் பெயரும் செல்ஜுக் சுல்தானின் பெயரும் இருப்பது முதலில் பின்வாங்கலாகவே பட்டது. திபிலீசியின் முஸ்லிம் வணிகர்கள் கையில் அக்காசு தயக்கமின்றிப் புழங்க வேண்டும் என்ற கணக்காகவும் இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அதிக நாள் பிடித்தது அரசி தாமாரின் செப்புக் காசு. வெள்ளித் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால், செம்புத் துண்டு எந்த உருவில் கிடந்ததோ அப்படியே முத்திரை குத்தியிருக்கிறார்கள். எனவே காம்பஸ் தேவைப்படவில்லை. ஆண்டைக் கண்டுபிடித்ததுதான் இதுவரை கிடைத்த பெரிய மகிழ்ச்சி. 400, 20 என்னும் எண்களுக்குரிய இரண்டு ஜார்ஜிய எழுத்துகளைக் கூட்டினால் 420. ஜார்ஜியர்கள் ஆண்டுகளைக் கணக்கிட்ட 532 ஆண்டுச் சுழற்சி 780இலிருந்து எண்ணப்படுவதால், அது 1200. ஒரு பக்கத்தில் தாமார் பெயரின் முதல், கடை எழுத்துகளும், இரண்டாம் கணவர் தாவீது சோஸ்லானின் பெயரிலிருந்து அவ்வாறே எடுத்த இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. மறுபக்கத்து அரபி வரிகளோ ‘அரசியர்க்கரசி, கியோர்கியின் மகள் தாமார்’ என்று அவரை மட்டுமே குறிக்கின்றன. 1184இல் தனித்து ஆளத் தொடங்கியதும், முடிவெடுக்கும் அதிகாரம் தனி அவைக்கு வேண்டும், அரசி அதை ஏற்றால் போதும் என்று கருவூல அதிகாரி குத்லு அர்ஸ்லானின் அணி எழுந்தது; அவரைச் சிறைபிடித்த அரசி, கொதித்த கூட்டத்திடம் இரண்டு உயர்குல மாதரைத் தூதனுப்பிப் பேசித் தீர்த்தார். பிரபுக்கள் தேர்ந்து மணமுடித்துவைத்த முதல் கணவர், ரஷ்ய இளவரசர் யூரியை விலக்கி நாடுகடத்த, அவரோ திரும்பிவந்து கலகம் செய்தார். இத்தனைக்கும் பிறகு அந்த மறுபக்கத்தில் தாமாரின் பெயர் தனித்து நிற்பதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

நான்காவது, தாமாரின் மகள் ருசுதானின் 1230ஆம் ஆண்டு வெள்ளிக் காசு. இயேசுவின் முகம் எனக்குச் சரியாக அமையவில்லை. மூக்கில் தகடு கிழிந்தது. அக்காசு வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் மத்திய ஆசியாவின் குவாரசமிய அரசர் ஜலாலுத்தீன் திபிலீசியைச் சூறையாடியிருந்தார்.

அடுத்தது, ருசுதானின் மகன் தாவீது தன்னை மங்கோலிய ‘குயுக் கானின் அடிமை’ என்று பொறித்த காசு. பாரசீக எழுத்துகளை இடவலம் மாற்றி இப்போதே தாளில் எழுதிப் பழகுகிறேன்.