கச்சான் காலத்து ஊர்சுற்றல்

மட்டக்களப்பில் ஓர் இளம்பெண் இரவு நேர இசை நிகழ்ச்சிக்குப் போவதா வேண்டாமா என்பதைக் கடைசி பஸ்ஸே தீர்மானிக்கிறது. அப்பா சம்மதித்துவிடுவார், அம்மாவும் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத் தானே இறங்கி வருவார், ஆனால் நிகழ்ச்சி முடிந்த பின் எதில் ஏறி வீட்டுக்கு வருவது என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால் பேச்சு அத்துடன் நின்றுவிடும். இந்தக் கோடையில் நாங்கள் நால்வர் போய் வந்த இடங்களை எழுத உட்கார்ந்தபோது, ஒவ்வொரு பயணத்தையும் யாரோ ஒருத்தியின் வீடு இருக்கும் இடம்தான் எங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது என்பது தெரிந்தது. நான் கல்லடி. மற்ற மூவரும் வாழைச்சேனை, காத்தான்குடி, பெரியகல்லாறு. தங்கள் பெயரை எழுதக் கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் ஊர்ப்பெயராலேயே அவர்களைக் குறிப்பிடுகிறேன். பல்கலைக்கழகத்திலும் நாங்கள் அப்படித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டோம். நால்வருக்கும் படிப்பு முடிந்துவிட்டது, நியமனம் இன்னும் வரவில்லை.

எங்கள் கோடையைப் பற்றிப் பேசுவதென்றால் கச்சான் காற்றைப் பற்றிப் பேசாமல் முடியாது. தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் இழந்து சூடேறிய வெறுங்காற்றாக மலையிறங்கி எங்கள் பக்கம் வருகிறது. முற்றத்து மண்ணை வாரி இறைத்து, உதட்டை வெடிக்கச் செய்து, பிற்பகலில் யாரையும் வெளியே நிற்கவிடாமல் அடிக்கும் அந்தக் காற்றை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் பாசிக்குடா குளத்து நீர்போல் அடங்கிக் கிடக்கிறது. அதே காற்றுதான் தெற்கே அறுகம்பேயில் எழுந்து வரும் அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி நிறுத்துகிறது. ஏப்பிரல் தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் கரை கடலாடுவதற்கு உகந்ததாக இருப்பதில் இந்தப் பொல்லாத காற்றுக்கும் பங்குண்டு.

பாசிக்குடாவுக்கு வாழைச்சேனைத் தோழியின் வீட்டிலிருந்து போனோம். முதல்நாள் மாலையே அவள் வீட்டில் போய்த் தங்கிவிட்டால், விடியும் முன்பே ஓட்டோ பிடித்து, வெளியூர்க் கூட்டம் வந்து சேர்வதற்குள் கடலில் இறங்கிவிடலாம். பவளப்பாறைத் தொடர் அலையைத் தடுத்துவிடுவதால் வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. நீந்தத் தெரியாதவளும் நீந்தத் தெரிந்தவள்போல் நடிக்கலாம். சுடிதாரோடு கடலில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும், நனைந்த துணி எவ்வளவு கனம் என்பதும், காற்சட்டையின் கரை மடிப்புக்குள் புகுந்த மணல் எத்தனை தரம் அலசினாலும் போகாது என்பதும். காத்தான்குடித் தோழி உடல் முழுவதையும் மூடும் நீச்சல் உடையை இணையத்தில் வாங்கி வந்திருந்தாள். அவள்தான் எங்கள் எல்லோரையும்விட இலகுவாக நீந்தினாள், அடுத்த முறை எங்களுக்கும் அதுவே என்று அங்கேயே முடிவாயிற்று. ஒரு விடயத்தை மட்டும் இங்கு போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடல் அமைதியாக இருக்கிறது என்று காற்றடைத்த வளையத்தில் படுத்துக் கண்ணை மூடக் கூடாது. கச்சான் உங்களைக் கரைக்குத் தள்ளாது, வெளியேதான் இழுத்துப் போகும்.

அறுகம்பே வேறு மாதிரி. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எனக் கரையோரமாக நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். அன்றே போய் அன்றே திரும்புவதில் எந்தச் சுகமும் இல்லை. காத்தான்குடித் தோழியின் சாச்சி பொத்துவிலில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். "நாலு பொம்புளப் புள்ளையளும் கடலுக்குள்ள என்னகா தேடப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் எங்களுக்கு அறையை ஒழித்துத் தந்தார். அலைச்சறுக்கு என்றாலே வெள்ளைக்காரருக்கும் உள்ளூர்ப் பையன்களுக்கும் உரியது என்று நானும் நினைத்திருந்தேன், ஆனால் அங்குள்ள பெண்கள் 2018 இல் தங்களுக்கென்று ஒரு சறுக்குக் கழகமே தொடங்கிவிட்டார்கள். நாட்டிலேயே பெண்களுக்கென அமைந்த முதலாவது கழகம் அது. பழகுபவர்கள் இறங்கும் சிற்றலைப் பக்கத்தில் எங்களுக்குக் கற்றுத் தந்த தம்பி, முதலில் மணலில் பலகையை வைத்து அதன் மேல் குப்புறப் படுக்கவும், நெஞ்சருகே கைகளை ஊன்றி ஒரே உந்தில் எழுந்து பக்கவாட்டாக நிற்கவும் பழக்கினார். மணலில் நால்வருமே கெட்டிக்காரிகள். தண்ணீருக்குள் பலகை காலுக்கடியில் உயிருள்ளதுபோல் நெளியத் தொடங்கியதும் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று, மூக்கு வழியாகக் கடல் ஏறி இறங்கியது. பெரியகல்லாற்றுத் தோழி மட்டும் கடைசியில் ஓர் அலையின் மீது நிமிர்ந்து நின்று கரை வரை வந்தாள். "அக்கா, காலைப் பாக்காதீங்க, கரையைப் பாருங்க" என்று தம்பி எல்லோருக்கும்தான் கத்திக்கொண்டிருந்தார். அதை உண்மையில் செய்தவள் அவள் ஒருத்திதான். திரும்பி வரும் வழியில் வீதியோரத்தில் பாலைப்பழம் வாங்கித் தின்றதில், உப்பில் வெடித்த உதடுகளில் அதன் பால் பசையாக ஒட்டிக்கொண்டு கல்முனை வரை பேசவே முடியாமல் போனது. எங்களை அமைதியாக்க வேறு வழி இல்லை என்று பஸ் நடத்துநர் நினைத்திருக்கக் கூடும்.

இனி இசைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு அருகிலேயே நாடறிந்த கச்சேரி ஒன்று நடக்கிறது, பாடுபவர்கள்தான் தண்ணீருக்குள் இருக்கிறார்கள். 1924 இல் கட்டிய கல்லடிப் பாலத்தையொட்டி, நிலவு முழுதாகக் காயும் கோடை இரவில், தோணியில் போய்ச் சவள் என்ற துடுப்பை நீருக்குள் இறக்கி அதன் மேல்முனையில் காதை வைத்தால் வாவியின் அடியிலிருந்து ஓர் ஒலி கேட்கும். 1848 இல் இங்கு வந்த காலனித்துவச் செயலாளர் எமர்சன் டெனன்ட்டும் அதைக் கேட்டுக் குறித்து வைத்தவர். ஊருக்குப் பாடும் மீன் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், பாடுவது மீனல்ல, ஊரி என்ற நீர்நத்தைதான் என்று வாதிடும் மீன்பிடிகாரர்கள் இன்றும் உள்ளனர். நான் கேட்டதைச் சொல்கிறேன்: தம்பூராவின் ஒரு நரம்பை மட்டும் யாரோ எங்கோ மீட்டிவிட்டு மறந்துபோனதுபோல ஓர் இழை, அதன் நடுவே சிறு சிறு சொடுக்குகள். வாழைச்சேனைத் தோழிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தில் லொறி போகும் சத்தம்தான் கேட்டது என்று அவள் இன்னமும் சாதிக்கிறாள்.

மைதானத்தில் நடந்த பெரிய இசை நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. தமிழ்நாட்டிலிருந்து பாடகர்கள் வந்திருந்தார்கள். நுழைவுச்சீட்டில் அச்சிட்ட நேரத்துக்கும் அவர்கள் மேடையேறிய நேரத்துக்கும் இடையே உரைகளும் பொன்னாடைகளும் அறிவிப்பாளரின் நகைச்சுவைகளும் நிறைந்து வழிந்தன. அந்த இடைவெளியை நிரப்ப ஏற்றப்பட்ட உள்ளூர் இசைக்குழுதான் எனக்குப் பிடித்தது. ஒக்டபாட் வாசித்த பையன் போர்த்துக்கேயர் வழி வந்த பைலாத் தாளத்தை எடுத்ததும் பின்வரிசைப் பிளாஸ்டிக் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் பக்கமும் ஆடத் தொடங்கியது. போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் வாழ்கிற, அவர்களுடைய கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் இன்றும் நடக்கிற ஊருக்கு அந்தத் தாளம் புதியதா என்ன? ஆனால் பிரதான பாடகர் தன் புகழ்பெற்ற பாட்டுக்களுக்கு வருவதற்குள் பெரியகல்லாற்றுத் தோழியின் கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் தெற்குப் பக்கம் போகும் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது, ஓட்டோக்காரர் கேட்ட கூலியோ நுழைவுச்சீட்டைவிட அதிகம். அவளுடைய அண்ணா மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போனார், காத்தான்குடித் தோழியை அவளுடைய வாப்பா வந்து கூட்டிச் சென்றார், நாங்கள் எல்லோரும் எந்தப் பாட்டுக்காகப் பணம் கட்டினோமோ அந்தப் பாட்டை நான் பாலத்தில் நடந்து வரும்போது, காற்றில் பாதி அடித்துச் செல்லப்பட்ட நிலையில், அப்பாவோடு கேட்டேன்.

இதற்கு நேர்மாறாக நடந்தது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நாங்கள் பார்த்த கூத்து. பெரியகல்லாற்றுத் தோழியின் உறவினர் ஒருவர் வடமோடி என்ற கூத்து வகையில் ஆடுகிறார் என்று அவள் சொன்னபோது, குருமண்வெளியில் பாதை ஏறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போனோம். பயணிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கொண்டுபோகும் அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றே பெயர். இரவானால் அதை நம்பிப் பயனில்லை. ஆனால் கூத்து இரவோடு முடிகிற காரியமே இல்லை. கட்டியகாரன் வரவில் தொடங்கி, ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவை ஆடிப் பாடிக் களரிக்குள் நுழைந்து, கதை தீர்வதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். முடிந்ததும் முதல் பாதையும் முதல் பஸ்ஸும் தயாராக இருக்கும். எப்படித் திரும்புவாய் என்று அன்றைக்கு என் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வட்டக்களரியைச் சுற்றி ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு இடம் தேடிக்கொண்டு நின்றபோது ஒரு பெரியம்மா, "இஞ்சால வாங்ககா, பாய் கிடக்கு, ராசா மறுகாத்தான் வருவார்" என்று தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரித் தாளமும் எழும்பியதும், மைதானத்துப் பெரிய ஒலிபெருக்கிகளால் முடியாத ஒன்று நடந்தது. பிற்பாட்டுக்காரர்கள் ஒவ்வோர் அடியையும் திருப்பிப் பாடும்போது பார்வையாளர்களில் முதியவர்களும் வாயசைத்தார்கள். அடுத்த வரி என்னவென்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பகலில் உழவு இயந்திரம் ஓட்டும் ஒருவர் இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் கிரீடமுமாக அரசனாகி வந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அவர் பெருவிரலால் கிரீடத்தை மெல்ல மேலே தள்ளிவிட்டுக்கொள்வதும், வியர்வை கண்ணிமைச் சாயத்தைக் கன்னம் வரை கரைத்து இறக்கியிருப்பதும், காலடியில் தூசி எழ அவர் சுழன்று நிற்கும் கணத்தில் சலங்கை மட்டும் அரை நொடி பிந்தி அடங்குவதும் நாங்கள் இருந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தன. ஆடுபவர்களுக்கு அவரவர் பகுதியைப் பிரித்துத் தரும் சட்டம் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் வயல் வேலைக்கு நடுவே பழகியிருக்கிறார்கள். அபிமன்னன் களத்துக்குப் போக விடைபெறும் இடத்தில் பெரியம்மா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சுபத்திரையாக ஆடியது ஓர் ஆண்தான். இப்போது நிறுவனக் கூத்துக்களில் பெண்களும் ஆடுகிறார்கள், ஊர்க் களரிகளிலும் அது பரவலாக வேண்டும் என்பது என் ஆசை. இதை அங்கேயே சொன்னதற்குப் பெரியம்மா, "ஆடுறதுக்குப் புள்ளையள் இருக்கு, மாதக்கணக்கா ராவுல பழக விடுறது ஆரு?" என்று கேட்டார். பழக்கம் முடிந்து பெண்பிள்ளைகள் நடுச்சாமத்தில் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே என்பதைத்தான் அவர் சொன்னார்.

ஆடி மாதத்தில் உகந்தை முருகன் கோவிலுக்குப் போவதாகத் திட்டம். பொத்துவிலைத் தாண்டிப் பாணமை வரை பஸ், அதற்கப்பால் குமணக் காட்டுப் பக்கமாக மண் பாதை; கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் அங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்குகிறார்கள். நாங்கள் நடக்கப் போவதில்லை, இரவு கோவிலடியில் தங்கிக் காலையில் பாறைமேல் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். வான் ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தோம். செய்தி எப்படியோ கசிந்து, என் அம்மாவும் பெரியகல்லாற்று மாமியும் தாங்களும் வருவதாக அறிவித்துவிட்டார்கள். புளிச்சாதம் யார் கட்டுவது என்பதில் இருவருக்கும் இப்போதே போட்டி நடக்கிறது, வானுக்குள் எந்தப் பாட்டுப் போடுவது என்ற பேச்சை நாங்கள் இன்னும் எடுக்கவேயில்லை.