டைப் 1 சுகர் பிள்ளைக்கு ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்தால்

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே டைப் 1 சுகர், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை. இப்போது காலேஜ் போகிறாள், ஒல்லி உடம்பு. வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுத்ததில் கல்லீரல் வீங்கியிருக்கிறது, ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடியும் பல மடங்கு ஏறியிருந்தது. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை: எண்ணெயை நிறுத்து, சோற்றைக் குறை, கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு, அது முடிகிற வரை இன்சுலினை நிறுத்தி வை. அந்தக் கடைசி யோசனையைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டைப் 1 பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் ஒரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஐசியு வரை போய்விடும், உயிரே போகலாம்.

அவளுக்கு இருந்தது கொழுப்பே இல்லை, கிளைக்கோஜன். கல்லீரல் நம் உடம்பின் நெற்குதிர் மாதிரி, மிச்சமான சர்க்கரையைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேர்த்து வைக்கும். இவள் காலேஜில் ஊசி போடக் கூச்சப்பட்டு மதிய டோஸை விட்டுவிடுவாள், சாயந்திரம் சுகர் 400ஐத் தாண்டியிருப்பதைப் பார்த்துப் பயந்து மொத்தமாக ஏற்றிக்கொள்வாள். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருக்கும்போது அது கல்லீரலுக்குள் தானாகவே போய்விடும், அதன் மேல் பெரிய டோஸ் இன்சுலின் விழுந்தால் அத்தனையும் கிளைக்கோஜனாகி அங்கேயே தங்கிவிடும், இதே தினமும் நடந்தால் கல்லீரல் வீங்காமல் என்ன செய்யும்? 1930இலேயே மோரியாக் என்ற பிரெஞ்சு டாக்டர் இப்படி வயிறு வீங்கி, வளர்ச்சி நின்றுபோன சுகர் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சாதாரண அல்ட்ராசவுண்டில் கொழுப்பும் கிளைக்கோஜனும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். சிடி எடுத்தால் கொழுப்பு கருமையாகவும் கிளைக்கோஜன் பளிச்சென்றும் தெரியும், உறுதியாகச் சொல்ல, கல்லீரலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான். நல்ல விஷயம், வேளாவேளைக்கு இன்சுலின் போட்டுச் சுகர் ஒரு நிலைக்கு வந்தால் இது தானாக வடிந்துவிடும். இவளுக்கும் எஸ்ஜிபிடி இறங்கிவிட்டது. பட்டினி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அதற்காக எல்லோருக்கும் இதுதான் என்று சொல்லவில்லை. எடை கூடிய டைப் 1காரர்களுக்கு நிஜமான ஃபேட்டி லிவரும் வரும். டைப் 1 என்பதே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குவதால் வருவது, அதே போல அது கல்லீரலையும் தாக்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும் எஸ்ஜிபிடி ஏறும். மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனையோடு இவற்றையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், லிவருக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் ஒரு பஸ் ஏறினால் போதும்.

அப்புறம், டைப் 1 உள்ள பையன்களுக்கு ஒன்று. குடித்தால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவிடும், போட்ட இன்சுலின் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும், அதனால் நடுராத்திரியில்கூட சுகர் இறங்கி மயக்கம் வரலாம். கூட இருப்பவர்கள் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில், இறங்கிய சுகரை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசியும் சரியாகக் கேட்காது, ஏனென்றால் அது கல்லீரலில் இருக்கும் கையிருப்பைத்தான் வெளியே தள்ளும். உடனே 108க்குப் போன் செய்து, இவனுக்கு டைப் 1, குடித்திருக்கிறான் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள், ட்ரிப்ஸில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் பிழைப்பான்.