கத்தியோடு மல்லுக்கு நிற்கும் நீலம்

கயனைட் என்ற நீலக் கல்லின் முரண்டுதான் எனக்குப் பிடிக்கும். நீளவாக்கில் கத்தியால் கீறினால் கோடு விழும். குறுக்கே கீறினால் கத்திதான் தோற்கும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணிடும் மோ அளவில் ஒரே படிகத்துக்கு இரண்டு எண்கள்: ஒருபுறம் சுமார் 5, மறுபுறம் 7 வரை. பட்டை தீட்டுபவர் பாடு திண்டாட்டம்!

களிமண் பாறை பூமிக்குள் ஆழப் புதைந்து, கடும் அழுத்தத்தில் உருமாறும்போது பிறப்பது இது. அதே அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் சேர்க்கைதான் அழுத்தம் குறைந்தால் ஆண்டலுசைட், வெப்பம் மிகுந்தால் சில்லிமனைட். ஆகவே மலையில் கயனைட் தென்பட்டால், அந்தப் பாறை எவ்வளவு ஆழம் போய் வந்திருக்கும் என்று புவியியலாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

ஜார்க்கண்டின் லப்சா புரு இதற்குப் பேர்போன இடம். ஆனால் நகைக்கடையைவிட உலைகளுக்குத்தான் இது அதிகம் தேவை. கடும் வெப்பத்தில் சுட்டால் பருத்து, சூட்டைத் தாங்கும் முல்லைட் என்ற பொருளாகிவிடும். உருக்காலைச் செங்கல்லில் சேர்ப்பார்கள்.