ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மூன்றடி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வணிகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையம் நடத்துகிறேன். கீழே ஜவுளிக்கடை, முதல் மாடியில் அலுவலகங்கள். 2024 அக்டோபரில் நான் வாடகைக்கு எடுத்தபோது எங்கள் மாடி ஒரே நீள ஹாலாக இருந்தது. நாலு வகுப்பறை, ஒரு நூலகம், முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே ஒரு நடைபாதை என்று பிரிக்க வேண்டும். செங்கல் வைத்தால் தளத்துக்குப் பாரம் என்று கட்டடக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஜிப்சம் போர்டு பார்டிஷன்தான் வழி.

தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்காக ஓர் ஆலோசகரிடம் வரைபடம் வாங்கினேன். நடைபாதையின் இருபக்கச் சுவர்களும் 2 மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும், வகுப்பறைகளுக்கு இடையே உள்ளவை சாதாரணமாக இருந்தால் போதும் என்று அதில் இருந்தது. ஒரு வகுப்பறையில் பற்றிக்கொண்டால் மற்ற அறைப் பிள்ளைகள் தப்பிப்பது அந்த நடைபாதை வழியாகத்தானே.

சூரத்தில் 2019 மே 24 அன்று ஒரு பயிற்சி மையத்தில் தீப்பிடித்து 22 பேர் இறந்ததை நடப்பு நிகழ்வுகள் வகுப்பில் நானே பாடமாக எடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் வேலை நடந்தபோது நான் பார்த்ததெல்லாம் நிறத்தைத்தான். "ஃபயர் போர்டு பிங்க் கலர்ல வரும் சார், பார்த்தாலே தெரியும்" என்றார் கான்ட்ராக்டர். லாரியிலிருந்து பிங்க் போர்டு இறங்கியது. பார்த்தேன், தெரிந்தது, டீ குடிக்கப் போய்விட்டேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். கான்ட்ராக்டருடைய கிடங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடியில் இருந்த போர்டுகளை வெயிலில் காயவைத்து, "ஒண்ணும் ஆகாது சார்" என்று கொண்டுவந்தார். ஓரத்தை விரலால் அழுத்தினேன், காகிதம் தனியாக, மாவு தனியாக வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகத் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு இன்றுவரை கொஞ்சம் பெருமை உண்டு. மற்றதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பொங்கல் முடிந்து ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்தார். தீயணைப்பான்கள், வெளியேறும் வழிப் பலகைகள், பின்படிக் கதவு எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தார். அப்புறம் ஏணி கேட்டார். ஏ.சி. பராமரிப்புக்காக நடைபாதைச் சீலிங்கில் விட்டிருந்த சதுர மூடியைத் தள்ளித் தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நீங்களே ஏறிப் பாருங்க. உங்க சுவர் எங்க நிக்குதுன்னு."

ஏறினேன். சுவர் சீலிங்கைத் தாண்டி நாலு விரல் உயரத்தில் நின்றிருந்தது. அதற்கு மேல் கான்கிரீட் தளம் வரை மூன்றடி, வெறும் வெளி. நடைபாதை, நாலு வகுப்பறை, நூலகம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பெரிய பரண். மறுகோடியில் முன்படி விளக்கின் வெளிச்சம் தெரிந்தது. கீழே ஆறு அறை, மேலே ஒரே அறை.

"ஒரு ரூம்ல புகை கிளம்பினா மேல போய் எல்லா ரூமுக்கும் இறங்கும் சார். சுவர் கட்டி என்ன பிரயோஜனம்?" அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் எழுதிக்கொடுத்த குறைகள் ஒரு பக்கம் வந்தன. ஆலோசகர் சொல்லி நடைபாதைச் சுவரில் ஓரிடத்தை வெட்டித் திறந்தோம். வெளியடுக்கு பிங்க், உள்ளடுக்கு சாதாரண வெள்ளை போர்டு. நடுவில் ராக்வூல் என்ற எரியாத கல்பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் தெர்மோகோல். சத்தம் கேட்காது என்று போட்டாராம். தெர்மோகோல் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், கரும்புகை கக்கும். தீயைத் தடுக்கும் சுவருக்குள்ளேயே விறகு அடுக்கிவைத்த மாதிரி. ஏ.சி.யின் தாமிரக் குழாய் போகும் இடத்தில் குழாயைவிட மூன்று மடங்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் மஞ்சள் ஃபோம் அடித்திருந்தார்கள். கதவு, ஜன்னல் சட்டத்தில் அடிக்கும் அந்தச் சாதாரண ஃபோமும் எரியும்.

இன்னொரு வேடிக்கை. வகுப்பறைச் சீலிங் முழுக்க பிங்க். எங்கள் வரைபடப்படி அது தேவையே இல்லை. மேலே இருக்கும் கான்கிரீட் தளமே தீயைத் தாங்கும். போதாததற்கு ஓர் அறைக்குப் பன்னிரண்டு டவுன்லைட் ஓட்டை வேறு. சீலிங்கையே தீத்தடுப்பாக நம்புகிற கட்டடத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் மேலே தனி மூடி போட வேண்டுமாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டையும் தீக்கு ஒரு வாசல். தேவையில்லாத இடத்தில் பிங்க், தேவையான இடத்தில் பாதி வெள்ளை. இரண்டுக்கும் நான்தான் பணம் கொடுத்திருந்தேன்.

கான்ட்ராக்டர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

அன்றிரவு ஆலோசகர் கொடுத்த சோதனை அறிக்கையை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். சட்டப்பிரிவுகளை எண்ணோடு ஒப்பிக்கிறவன், என் சொந்தச் சுவரைப் பற்றிப் பதினோரு பக்கம் படிக்காமல் இருந்திருக்கிறேன். சோதனையில் ஒரு முழுச் சுவரைக் கட்டி, ஒரு பக்கம் உலையில் சூடேற்றுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் உலை சுமார் 945 டிகிரி செல்சியஸ், இரண்டு மணி நேரத்தில் சுமார் 1,050. மறுபக்கத்தில் சுடர் வரக்கூடாது. அங்கே சராசரி வெப்பம் தொடக்கத்தில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் ஏறவும் கூடாது. ஆக, 120 நிமிடம் என்ற சான்று போர்டுக்குக் கிடையாது. எத்தனை அடுக்கு, போர்டைத் தாங்கும் செங்குத்துச் சட்டமான ஸ்டட் என்ன, எவ்வளவு இடைவெளியில் திருகு, நடுவில் என்ன பஞ்சு என்று சோதித்த அந்த முழு அமைப்புக்குத்தான் அந்தச் சான்று. அதில் ஒன்றை மாற்றினாலும் அறிக்கை வேறு யாரோ ஒருவருடைய சுவரைப் பற்றியதாகிவிடும்.

ஜிப்சம் எப்படித் தாங்குகிறது என்பதும் எனக்குப் புதிது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. ஆறடிக்கு நாலடி, 15 மி.மீ. போர்டு ஒன்றுக்குள் சுமார் 5 லிட்டர். தீ பட்டதும் அது ஆவியாகப் போகிறது. போய் முடிகிற வரை போர்டின் பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்தபின் சாதாரண போர்டு சுருங்கி, வெடித்து உதிரும். தீத்தடுப்பு போர்டில் கலந்திருக்கும் கண்ணாடி இழைகள் அதை உதிராமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும்.

இரண்டாவது முறை வேலையைப் புதுச்சேரி வில்லியனூரிலிருந்து வந்த ஒரு மேஸ்திரி எடுத்தார். வந்ததும் சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மேல தளம் எவ்வளவு உயரம்ணே?" அப்போதே பாதி நிம்மதி வந்துவிட்டது.

நடைபாதைச் சுவர்களைத் தரையிலிருந்து பிரித்துத் தளம் வரை ஏற்றினார்கள். இருபுறமும் 15 மி.மீ. தீத்தடுப்பு போர்டு இரண்டிரண்டு அடுக்கு, நடுவில் 50 மி.மீ. ராக்வூல். முதல் அடுக்கின் இணைப்பு வரும் இடத்தில் இரண்டாம் அடுக்கின் இணைப்பு வராமல் மாற்றி மாற்றி. தளத்தோடு போர்டை இறுக்கி முட்டவைக்காமல் சின்ன இடைவெளி விட்டு, தீத்தடுப்பு சீலண்ட் அடைத்தார்கள். தளம் கொஞ்சம் தாழ்ந்தாலும் சுவர் நசுங்காது. சூடானால் அந்த சீலண்ட் உப்பி இடுக்கை இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். சுவரின் இருபக்கமும் முதுகோடு முதுகாக இருந்த சுவிட்ச் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தோம். கேபிள், குழாய் நுழையும் ஒவ்வோர் ஓட்டையும் தனித்தனியாக அடைபட்டது.

இந்த முறை டீ குடிக்கப் போகவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுத்தேன், டேப்பை விரித்து வைத்துக்கொண்டே. போர்டின் பின்பக்க அச்சு தெரிகிற மாதிரியும் எடுத்தேன். பில், சோதனை அறிக்கை, போட்டோ மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டேன். "கல்யாண ஆல்பம் மாதிரி வச்சிருக்கீங்க" என்று மேஸ்திரி கேலி செய்தார். பிரித்துக் கட்டியதற்கு ஆன செலவு முதல் வேலையின் செலவில் முக்கால்வாசி. ஜூலை 12-இல் குரூப் 4 தேர்வு, அதற்கு முந்தைய மாதங்களில்தான் எங்களுக்குப் பிள்ளைகள் சேர்வார்கள். நாலு மாத வாடகையும் சும்மா போயிற்று. இதற்கு மேல் கணக்குப் போட்டால் தூக்கம் வராது.

மறு ஆய்வுக்கு அதே அலுவலர் வந்தார். அவர் கேட்காமலே ஏணியை மூடிக்குக் கீழே வைத்தேன். ஏறி டார்ச் அடித்தார், இடது பக்கம், வலது பக்கம். இறங்கிவந்து ஃபைலைப் புரட்டி, ராக்வூல் போட்டோவில் மட்டும் கொஞ்சம் நின்றார். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றார். "ஆமாம் சார்" என்றேன்.

சான்று வந்து ஒரு மாதம் இருக்கும். வகுப்பில் இருந்தபோது மேலே கரகரவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பிராட்பேண்ட் இணைப்புக்கு வந்த பையன், ஏணியில் இடுப்பு வரை சீலிங்குக்குள், கையில் டிரில். புதுச் சுவரில் இரண்டு விரல் அகல ஓட்டை.

"ஒரு ஒயர்தான் சார், வெளியே தெரியாது."

மேஜை இழுப்பறையில் மிச்சம் வைத்திருந்த சீலண்ட் குழாயை எடுத்துக்கொண்டு, அவனை இறங்கச் சொல்லி, நான் ஏறினேன்.