கிரிட்ஸ்: உப்பா, சர்க்கரையா?

அட்லாண்டாவுக்கு வந்த புதிதில் காலை உணவுக் கடையில் தட்டில் வெள்ளையாக ஏதோ வைத்தார்கள். ரவா உப்புமா என்று ஆசையாக வாயில் போட்டால், உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கிரிட்ஸாம். உலர்ந்த மக்காச்சோளத்தை ரவையாக உடைத்து வேகவைத்த கஞ்சி. அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலம் 2002ல் இதைத் தன் அதிகாரபூர்வ சமைத்த உணவாகவே அறிவித்திருக்கிறது!

பிறகுதான் புரிந்தது, பிழை கிரிட்ஸில் இல்லை, ஐந்து நிமிடத்தில் வேகும் பாக்கெட்டில். கல்லில் அரைத்தது வேறு சாதி. ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர், சிறு தீ, முக்கால் மணி நேரம், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். களி கிண்டிய கைகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கடைசியில் வெண்ணெய், மிளகுத்தூள், ஒரு கைப்பிடி செடார் சீஸ்.

தென் கரோலினா கடலோரத்தில் இதன்மேல் இறாலை வதக்கிப் போட்டுத் தருவார்கள். அதற்காகவே அங்குள்ள சார்ல்ஸ்டன் நகரம் வரை வண்டி ஓட்டலாம். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் கெட்டியாகிவிடும். மறுநாள் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தால், ஆகா!

சர்க்கரை போடுவதா உப்புப் போடுவதா என்று இந்த ஊர்க்காரர்களே அடித்துக்கொள்கிறார்கள். நான் உப்புக் கட்சி. சர்க்கரை போடுகிறவர்கள் பாயசமே வைத்துக்கொள்ளலாமே!

நீங்கள் சாப்பிட்டதுண்டா? எப்படிப் பிடிக்கும்?